போனில் இருந்த நாற்பத்தெட்டுப் பேர்

கனிசியஸின் போன் இரண்டு வருடங்களாக ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டது. புதிய மென்பொருள் வந்திருக்கிறது, இப்போது ஏற்றவா, இன்றிரவு ஏற்றவா, பிறகு நினைவூட்டவா. கனிசியஸ் மூன்றாவதைத் தொடுவார். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பிறகு என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் இந்த வழியில்தான் வந்திருந்தார். கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக வரச் சொன்னபோதும், முழங்காலைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோதும், பிரான்சுக்கு ஒருதரம் வந்து போகச் சொல்லி மகள் ஜெசிதா கேட்டபோதும், “பேந்து பாப்பம்” என்றார். சங்கத்துக்கு வேறொருவர் தலைவரானார். முழங்கால் நொந்துகொண்டிருந்தது. ஜெசிதா தான் பாவித்த போனை அனுப்பிவைத்தாள்.

குருநகரில் அவருக்குத் தொழில் கூடு வைப்பது. கம்பியால் பின்னிய கூடு, ஒரு ஆள் உள்ளே குந்தியிருக்கலாம். வாய் உள்நோக்கி ஒடுங்கும். மீன் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. கல்லைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு, ஐந்தாம் நாள் தூக்குவார்கள். மற்றவர்கள் கூட்டிலிருந்து கயிறு விட்டு மேலே மிதவை கட்டுவார்கள். மிதவை இருந்தால் கூடு எங்கே கிடக்கிறது என்று கூட்டுக்காரனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆகவே கனிசியஸ் மிதவை கட்டுவதில்லை. இடத்துக்குப் போய், கொக்கி கட்டிய கயிற்றைக் கடலடியில் இழுத்துக் கூட்டைக் கொளுவி எடுப்பார். அதற்கு இடம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பாகம், அறுபது அடி, தள்ளிப் போனாலும் கொக்கியில் சாதாளைப் புல்தான் வரும்.

முன்பு இடங்களை ஜி.பி.எஸ் கருவியில் பதிந்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவான கருவி. ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஒரு நாளைக்கு அதை இரவல் கேட்டார். கொடுத்தார். சொன்னபடி தம்பி அடுத்த நாளே திருப்பித் தந்தார், புதுப் பற்றரியும் போட்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் கூடுகள் வெறுமையாக வந்தன. கூட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. கதவைக் கட்டிய முடிச்சு அவர் கட்டியதைவிட வடிவாக இருந்தது.

கனிசியஸ் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூடுகளை இடம் மாற்றி இறக்கினார், கருவியில் இருந்ததை எல்லாம் அழித்தார். ஒரு இடத்துக்கு வடக்கே ஐந்து இலக்கம், கிழக்கே ஐந்து இலக்கம். சேர்த்தால் பத்து. தொலைபேசி இலக்கமும் பத்து. நாற்பத்தெட்டுக் கூட்டுக்கும் நாற்பத்தெட்டு ஆட்களின் பெயரைப் போட்டு, போனில் தொடர்பிலக்கங்களாகச் சேமித்தார். கடலில் போனைப் பார்த்து இலக்கங்களைக் கருவியில் அடிப்பார், கூட்டைத் தூக்குவார், திரும்ப இறக்குவார், கருவியை வெறுமையாக்குவார். படகின் முன்பக்கத்தில் நிற்பது ஜெரிசன், மனைவி இராசாத்தியின் தம்பி. ஒன்பது வருடமாகக் கூட வருகிறான். கனிசியஸ் போனை எடுத்தால் ஜெரிசன் மற்றப் பக்கம் பார்ப்பான். பார் என்றோ பாராதே என்றோ யாரும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிதாவின் முகம் போனில் வரவில்லை. பூசை முடிந்து வந்த இராசாத்தி சேலையும் மாற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு போனை மாறி மாறித் தட்டினாள்.

“போன் பழசாப் போச்சாம். இனி வீடியோவிலை கதைக்கேலாதாம்.”

“ஆர் சொன்னது?”

“போன்தான் சொல்லுது. புதுசை ஏத்தட்டாம்.”

“பேந்து ஏத்துவம்.”

“இந்தப் பேந்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு நரைச்சது. பிள்ளைக்கு இப்ப ஏழு மாச வயிறு. நான் அவளின்ரை முகத்தைப் பாக்க வேணும். இண்டைக்கு ஏத்துங்கோ.”

கனிசியஸ் முதற்தடவையாக முதலாவது பொத்தானைத் தொட்டார். போன் யோசித்தது. போதிய இடமில்லை, கணினியில் இணைத்து ஏற்றவும் என்றது. இடம் முழுவதையும் இராசாத்திக்கு வந்த வீடியோக்கள் பிடித்திருந்தன. திருநாள், சுற்றுப்பிரகாரம், மூன்று செத்தவீடு, கனடாவில் யாரோ பனி அள்ளுவது. ஒன்றையும் அழிக்க அவள் சம்மதிக்கவில்லை.

கணினி உள்ள கடை குருநகரிலேயே இருந்தது. வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. அதை நடத்துவது ஜெரிசனின் மனைவி நிரோஜினி. கனிசியஸ் சைக்கிளை எடுத்து அந்தக் கடையைக் கடந்து, நிரோஜினிக்குத் தலையாட்டிவிட்டு, பெரியாஸ்பத்திரியைத் தாண்டி, பட்டணத்தின் மற்றப் பக்கம் ஐந்துசந்திக்குப் போனார். அங்கே தாஹிர் என்ற ஒருவர் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். கனிசியஸுக்கு அவரைத் தெரியாது. அங்கே உள்ளவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பது தெரியும். அது போதும்.

தாஹிருக்கு நாற்பதுக்குள் வயது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்தை விட்டுக் குடும்பத்தோடு போனவர், புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டித் திரும்பி வந்தவர். கண்ணாடி மேசைக்குப் பின்னால் பழைய கணினி ஒன்று இருந்தது. போனை வாங்கி, வயரில் கொளுவி, கணினியைப் பார்த்தார்.

“அண்ணை, இந்தப் போனோடை கதைக்கிறதுக்குக் கொம்பியூட்டருக்கும் புதுசு ஏத்தட்டாம்.”

“கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம்?”

“அதுவும் பழசு.”

கணினிக்கு ஏற்ற இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இடையில் அது தன்னை ஒருதரம் நிறுத்தித் திரும்பத் தொடங்க அனுமதி கேட்டது. தாஹிர் அனுமதித்தார். கனிசியஸ் கடை வாசலில் ஸ்டூலில் இருந்தார். போனைக் கண்ணால் விடவில்லை. பன்னிரண்டரை மணிக்குத் தாஹிர் தொழுகைக்குப் போனபோது போனைக் கழற்றித் தன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். தாஹிர் வந்ததும் திரும்பக் கொடுத்தார்.

இப்போது போன் கேட்டது, இந்தக் கணினியை நம்புகிறீர்களா.

“இல்லையெண்டால்?” என்றார் கனிசியஸ்.

“இல்லையெண்டால் இரண்டும் கதைக்காது.”

கனிசியஸ் கணினியைப் பார்த்தார். அதன் மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஓம் என்பதைத் தொட்டு, தாஹிருக்கு முதுகைக் காட்டி நின்று, தன் இரகசிய இலக்கத்தை அடித்தார்.

“முதல்லை உள்ளுக்கிருக்கிறதுக்கு ஒரு கொப்பி எடுத்து வைப்பம். ஏதும் நடந்தால் திரும்பப் போடலாம்” என்றார் தாஹிர்.

“கொப்பி எங்கை இருக்கும்?”

“இதுக்குள்ளைதான். கொம்பியூட்டரிலை.”

“வேண்டாம்.”

“எல்லாரும் எடுக்கிறதுதான் அண்ணை. முக்கியமானதெண்டால் ஒரு கடதாசியிலையாவது எழுதி வையுங்கோ.”

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

தாஹிர் தோளைக் குலுக்கிவிட்டு ஏற்றத் தொடங்கினார். போனின் முகம் கறுப்பானது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நீண்டது. கோடு பாதிக்கு வந்தபோது கரண்ட் நின்றது. கணினிக்குக் கீழே கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் பெட்டி இருந்தது. அதன் பற்றரி செத்து ஒரு வருடம்.

முக்கால் மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. போனின் முகத்தில் கோடு இல்லை. ஒரு வயரின் படமும் ஒரு கணினியின் படமும் இருந்தன. எதைத் தொட்டாலும் அந்தப் படம்தான்.

“இது என்ன தம்பி?”

“கொம்பியூட்டரிலை கொளுவட்டாம்.”

“கொளுவித்தானே இருக்கு.”

“ஓம்” என்றார் தாஹிர்.

அன்றைக்குக் கூடுகள் இறக்கி நான்காவது நாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஜெரிசன் எண்ணெய்க் கானோடு வந்து வாசலில் நின்றான்.

“அத்தான், வெளிக்கிடேல்லையோ?”

“காத்தாக் கிடக்கு.”

ஜெரிசன் மேலே பார்த்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் துணிகள் நேராகத் தொங்கின. முருங்கையில் ஒரு இலையும் அசையவில்லை.

“ஓம். காத்துத்தான்” என்று சொல்லிவிட்டுக் கானைத் தூக்கிக்கொண்டு போனான்.

கூட்டுக்குள் மீன் ஐந்து நாள் நிற்கும், ஆறு நாள் நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றையொன்று தின்னும். செத்தது நாறினால் விலாங்கு வரும். பத்து நாள் போனால் கூட்டைத் தூக்கி உபயோகமில்லை. இடம் தெரியாவிட்டால் தூக்கும் கதையே இல்லை. நாற்பத்தெட்டுக் கூடும் அடியில் கிடந்து துருப்பிடிக்கும். கனிசியஸுக்கு வேறு தொழில் தெரியாது. இன்னொருவனின் படகில் கூலிக்குப் போகிற வயதையும் அவருடைய முழங்கால் தாண்டிவிட்டது.

ஆறாம் நாள் அவர் ஜெரிசனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். அந்தக் காலத்தில் கருவியும் போனும் இல்லாமல்தானே தொழில் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார். யாகப்பர் கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரு நேரில் பிடித்து ஓடினால் முதற் கூடு வரவேண்டும். ஆனால் தண்ணீர்த் தாங்கிகள் இப்போது மூன்று இருந்தன. கோபுரத்தருகே போன் கம்பனிக் கம்பம் ஒன்று எழும்பி, தூரத்திலிருந்து எது எது என்று தெரியவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை கொக்கியை இழுத்தார்கள். மூன்று கூடு வந்தது. அதில் ஒன்று வேறொருவனுடையது. அதை அப்படியே இறக்கிவிட்டார்கள்.

“போன் எங்கை அத்தான்?” என்று ஜெரிசன் கரைக்கு வரும்போது கேட்டான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

“சார்ஜிலை கிடக்கு.”

“மூண்டு நாளாவோ?”

கனிசியஸ் இயந்திரத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பின்னேரம் ஐந்துசந்திக்குப் போனார். தாஹிர் போனை மூன்றுதரம் முயன்று பார்த்திருந்தார். கரண்ட் நின்றதில் கணினியில் இருந்த மென்பொருள் பழுதாகிவிட்டது. திரும்ப முழுவதையும் இறக்கவேண்டும். பெரிய கோப்பு. பதினைந்து நிமிடத்துக்குள் இறங்கி முடியாவிட்டால் போன் காத்திருந்து களைத்து, முதலில் இருந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஐந்துசந்தியில் பகல் நேரம் பதினைந்து நிமிடத்தில் பாதிகூட இறங்காது.

கணினியின் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. தாஹிர் விரலால் காட்டினார்.

“இது, உள்ளுக்கிருக்கிறதை வைச்சுக்கொண்டு புதுசை ஏத்தும். வேலை செய்தாலும் செய்யும், இல்லையெண்டாலும் இல்லை. மற்றது, எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு ஏத்தும். அது கட்டாயம் வேலை செய்யும். போன் புதுசு மாதிரி வரும்.”

“துடைச்சால்?”

“துடைச்சால் துடைச்சதுதான். அண்ணை, உள்ளுக்கு என்ன இருக்கு? படங்களோ?”

“இல்லை.”

“பாங்க் விசயமோ?”

“இல்லை.”

“வேறை என்ன?”

“நம்பருகள்.”

தாஹிருக்கு முகம் தெளிந்தது. “நம்பர்தானே. அதுக்கேன் இந்த யோசனை. ஆக்களிட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம்.”

“கேக்கேலாது.”

“ஏன்?”

“எல்லாரும் செத்துப்போச்சினம்.”

தாஹிர் கையிலிருந்த குறட்டை மேசையில் வைத்தார். வாசலில் ஒரு பெண் போனுக்கு உறை கேட்டு வந்தாள். அவளுக்குச் சிவப்பு உறை ஒன்றைக் கொடுத்து, மிச்சத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

“எத்தினை பேர்?”

“நாப்பத்தெட்டு.”

“செத்த ஆக்களின்ரை நம்பர் என்னத்துக்கு அண்ணை?”

கனிசியஸ் தெருவை ஒருதரம் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டு இருந்து, கூட்டிலிருந்து தொடங்கிச் சொன்னார். மிதவை, ஒன்றுவிட்ட தம்பி, பத்து இலக்கம் எல்லாவற்றையும் சொன்னார். இதை அவர் இராசாத்திக்கும் சொன்னதில்லை. தாஹிர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அது விளங்குது. ஏன் செத்த ஆக்கள்?”

“உயிரோடை இருக்கிறவைக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு.”

இதில் பிழை ஒன்றும் தாஹிருக்குத் தெரியவில்லை.

“எழுதி வையுங்கோ எண்டு அண்டைக்குச் சொன்னனான்” என்றார்.

“சொன்னனீர்.”

“கொப்பி எடுப்பம் எண்டும் சொன்னனான்.”

“ஓம்.”

“எனக்கு நீந்தவும் தெரியாது அண்ணை. படகிலை ஏறினால் சத்தி வரும். நெடுந்தீவுக்கு ஒருக்காப் போனனான், திரும்பி வரவே பயமாப் போச்சு.”

“அது எனக்கு அண்டைக்குத் தெரியாது” என்றார் கனிசியஸ்.

தாஹிர் கொஞ்ச நேரம் கன்னத்தைச் சொறிந்தார். விடியக்காலையில் லைன் நல்ல வேகமாக இருக்கும் என்றார். சுபஹ் தொழுதுவிட்டு நேராகக் கடைக்கு வந்தால், ஊர் எழும்புவதற்குள் கோப்பு முழுவதையும் இறக்கிவிடலாம். இறக்கி முடித்த பிறகுதான் போனைத் தொடவேண்டும். அடுத்த நாள் தன் தம்பியின் வீட்டிலிருந்து பற்றரி ஒன்றை இரவல் வாங்க வேண்டும். அதற்கடுத்த நாள் செய்யலாம். கனிசியஸ் விரல் மடித்தார். எட்டாம் நாள்.

எட்டாம் நாள் விடியும்போது கனிசியஸ் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தாஹிர் தொப்பியோடு வந்து பலகையைக் கழற்றினார். கோப்பு இறங்கியது. வீதியில் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. இரவல் பற்றரி கீழே பச்சை விளக்கோடு இருந்தது. ஆறே காலுக்குத் தாஹிர் போனைக் கொளுவினார்.

“எதை அமத்த?”

“துடைக்காததை.”

“அது சரிவராட்டில் பேந்து மற்றதுதான். வேறை வழி இல்லை.”

“அமத்தும்.”

கோடு வந்தது. பாதியில் நின்றது. கனிசியஸ் மின்விசிறியைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்தது. கோடு அந்த இடத்திலேயே நின்றது. தாஹிர் கணினியைத் தொடவில்லை, கதிரையைக்கூட அசைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பேனை இருக்கா என்று கேட்டார்கள். பேனை தொங்குவது அவர்களுக்குத் தெரிந்தது. இல்லை என்றார் தாஹிர். கோடு நகர்ந்தது.

ஏழு மணிக்குப் போன் வணக்கம் சொன்னது. பிறகு மொழி எது என்று கேட்டது, எந்த நாடு என்று கேட்டது, முகத்தைக் காட்டச் சொன்னது, தான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டது. கனிசியஸ் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றார். கடைசியில் தொடர்பிலக்கங்களைத் திறந்தார். உயிரோடு இருப்பவர்களை விட்டுவிட்டு, உதட்டை அசைத்து எண்ணினார். நாற்பத்தெட்டு. நம்பாமல் கீழிருந்து மேலே எண்ணினார். அப்போதும் நாற்பத்தெட்டு.

“இருக்கோ?” என்றார் தாஹிர்.

“இருக்கினம்.”

“ஒருக்காப் பாக்கலாமோ?”

கனிசியஸ் போனைத் தாஹிரிடம் கொடுத்தார். தாஹிர் பெருவிரலால் மெல்ல நகர்த்தினார். அல்போன்ஸ் மாஸ்டர். அருமைநாயகி அன்ரி. ஐஸ்கொம்பனி மத்தேயு. பவுலீன் அக்கா. அருளப்பு சம்மாட்டி. கொஞ்சத் தூரம் போய் விரல் நின்றது.

“காசிம் நானா. இது எந்தக் காசிம் நானா?”

“கயிறு வித்தவர். எங்கடை பக்கம் சைக்கிளிலை கொண்டு வருவார். தொண்ணூறிலை போனவர். பேந்து மௌத்தாப் போட்டார்.”

“உயரமான ஆளோ? ஒரு காது கேக்காதோ?”

“வலது காது.”

“அவர் புத்தளத்திலை இருக்கிறார் அண்ணை. போன மாசம் என்ரை மச்சாளின்ரை கலியாணத்துக்கு வந்தவர். புரியாணி காணாதெண்டு சண்டை பிடிச்சவர்.”

கனிசியஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காசிம் நானா செத்துப்போனார் என்று யார் சொன்னது என்று யோசித்தார். ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. ஒரு கூட்டுக்குப் பெயர் தேவைப்பட்டது, முப்பது வருடமாகக் காணவில்லை, அவ்வளவுதான். நல்ல கூடு அது. கல்லோரத்தில் கிடக்கிறது, விளைமீன் விழும்.

“நம்பர் தரட்டோ?” என்றார் தாஹிர்.

“நம்பர் இருக்கு” என்றார் கனிசியஸ், பழக்கத்தில்.

தாஹிர் சிரிக்கவில்லை. தன் போனைப் பார்த்து ஒரு இலக்கத்தை மெல்லச் சொன்னார். கனிசியஸ் அதைக் காசிம் நானாவின் பெயருக்குக் கீழே இரண்டாவதாக அடித்தார். பெயரை மாற்ற வேண்டும். யாருடைய பெயரைப் போடுவது என்று உடனே வரவில்லை. ஊரில் செத்தவர்கள் குறைவில்லை, ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று இப்போது தோன்றியது.

“இப்பவாவது கொப்பி எடுக்கட்டோ?”

கனிசியஸ் கணினியைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

“எடும்” என்றார். கொப்பி எடுத்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

ஒன்பதாம் நாள் விடிய ஜெரிசன் எண்ணெய்க் கானோடு வந்தான். காற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. முந்தின நாள் மாலை இராசாத்தி ஒரு மணித்தியாலம் ஜெசிதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை ஆறுமுறை உதைத்ததாம்.

கடலில் கனிசியஸ் போனை எடுத்தார். ஜெரிசன் மற்றப் பக்கம் திரும்பினான். கனிசியஸ் முதற் பெயரைத் தொட்டு இலக்கத்தைப் பார்த்தார். புதிய மென்பொருள் எழுத்துகளை மெலிய வைத்திருந்தது. முன்பு கறுப்பாகத் தடிப்பாக நின்ற இலக்கம் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மாதிரிக் கிடந்தது. கையை நீட்டிப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்தார். உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியை அவர் கடலுக்குக் கொண்டுவருவதில்லை. போன தரம் கொண்டுவந்த கண்ணாடி இந்தப் பக்கம் எங்கோ அடியில் இருக்கிறது.

ஒரு மாதிரி வாசித்துக் கருவியில் அடித்தார். கருவியில் இலக்கம் பெரிது, அதில் குறையில்லை. கருவி காட்டிய இடத்துக்குப் போனார்கள். அரை மணித்தியாலம் கொக்கி இழுத்தார்கள். சாதாளை வந்தது, ஒரு செருப்பு வந்தது. எட்டை மூன்றென்று எடுத்தேனா, மூன்றை எட்டென்று எடுத்தேனா என்று கனிசியஸ் போனைத் திரும்பப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. கூட்டுக்குள் இருப்பவை எத்தனை உயிரோடு இருக்கும் என்று தெரியாது. நாளைக்கு ஒன்றும் இருக்காது.

ஜெரிசன் ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மற்றப் பக்கம் பார்த்தபடியே நின்றான். கழுத்து நொந்திருக்க வேண்டும். ஒரு கையால் பிடரியைத் தேய்த்தான்.

கனிசியஸ் இயந்திரத்தை நிறுத்தினார். போனை நீட்டினார்.

“இதை ஒருக்கா வாசி.”

ஜெரிசன் உடனே திரும்பவில்லை. “நானோ?”

“வேறை ஆர் இஞ்சை நிக்கினம்?”

ஜெரிசன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வந்து வாங்கினான். மெலிந்த எழுத்து அவனுக்குத் தடையாக இருக்கவில்லை. பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தான், ஒருதரம் கனிசியஸைப் பார்த்தான், திரும்பப் பெயர்களைப் பார்த்தான்.

“அல்போன்ஸ் மாஸ்டர்” என்றான். “இலக்கம் வாசிக்கவோ?”

“ஓம். ஆறுதலா.”

பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கனிசியஸ் அடித்தார். ஓடினார்கள். முதல் இழுவையிலேயே கூடு கொளுவியது. ஒட்டி மீன் நாலைந்து உயிரோடு, மிச்சம் எலும்பு. எலும்பைத் தட்டிவிட்டுக் கூட்டை இறக்கினார்கள். அருமைநாயகி அன்ரியில் ஒரு கலவாய் மீன், தனியாக, நன்றாகக் கொழுத்து நின்றது. மற்றதையெல்லாம் அதுதான் தின்றிருக்க வேண்டும். ஐஸ்கொம்பனி மத்தேயுவில் விலாங்கு.

“இதிலை இரண்டு இலக்கம் கிடக்கு, அத்தான். காசிம் நானாவிலை.”

“சைபரிலை தொடங்காதது.”

“மற்றது?”

“அது அவரின்ரை.”

ஜெரிசன் சைபரில் தொடங்காததை வாசித்தான். பதினொரு மணிக்குள் முப்பது கூடு தூக்கியிருந்தார்கள். வழக்கத்தைவிட வேகம். கனிசியஸ் போனை எடுத்து, திறந்து, பார்த்து, அடித்து, மூடி, பையில் வைத்து எடுக்கும் நேரம் இப்போது இல்லை.

“மாமா” என்று வாசித்தான் ஜெரிசன். “எந்த மாமா?”

“உன்ரை அப்பா.”

ஜெரிசன் போனைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய தகப்பன் பட்டணத்தில் தையல்காரராக இருந்தவர். மகளைக் கடற்றொழில்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் நின்றவர். பிறகும் படகில் ஒருநாளும் ஏறினதில்லை.

“அப்பாவுக்குக் கடல் பிடிக்காதே.”

“தெரியும்.”

“பேந்தேன்?”

“நல்ல இடம். வேறை ஆருக்குக் குடுக்கிறது?”

ஜெரிசன் இலக்கங்களை வாசித்தான். கடைசி மூன்றையும் திரும்பச் சொன்னான். கனிசியஸ் அடித்து முடித்தார். அந்த இடத்தில் ஆழம் அதிகம், கொக்கி மூன்றாம் இழுவையில்தான் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கூடு தண்ணீருக்கு மேலே வந்தபோது உள்ளே பதினொரு விளைமீன், எல்லாம் உயிரோடு, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு எலும்பும் இல்லை.

“ஒம்பது நாள்” என்றான் ஜெரிசன்.

“ஓம்.”

“ஒண்டையொண்டு தின்னேல்லை.”

“இல்லை.”

கதவைத் திறந்து மீனைக் கொட்டினார்கள். ஜெரிசன் முடிச்சைத் தானே கட்டினான். கூடு இறங்கி, கயிறு முழுவதும் போய், கடல் பழையபடி ஆனது. கனிசியஸ் கருவியில் இருந்ததை அழிக்கப் போனார், பிறகு அழிக்காமல் விட்டார்.

“அடுத்தது ஆர்?” என்று கேட்டார்.

ஜெரிசன் வாசித்தான்.